கண்ணாடி பீரோவில் ஏழு வீரர்கள்

1

இந்தக் கதை எனக்குச் சுவரிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை, உள்ளொளி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. நான் கரண்டு ஆபீஸில் மீட்டர் கணக்கு எடுக்கிறவன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, மல்லாங்கிணறு, காரியாபட்டி என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைகிற பிழைப்பு. வீட்டுக்காரர்களின் முகத்தைவிட அவர்கள் வீட்டுச் சுவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். மீட்டர் இருக்கிற சுவரில் பெரும்பாலும் போட்டோவும் தொங்கும்.

சென்ற வருடம் திருச்சுழியில் பெத்தம்மாள் என்பவர் வீட்டில் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தேன். மொட்டைத் தலை, அரைஞாண் கயிறு, பிரம்பு நாற்காலி. கையில் ஒரு பொம்மை. அந்தப் பொம்மையின் தலையில் கொம்பு வைத்த கவசம், நெஞ்சில் தகடு, ஒரு முட்டியை மடக்கி உதைக்கத் தயாராக நிற்கிறது. அடுத்த மாதம் மல்லாங்கிணற்றில் வேறு குழந்தை, அதே பொம்மை. காரியாபட்டியில் இரட்டைப் பிள்ளைகள், ஆளுக்கொன்று. எங்கள் மண்ணில் பருத்தி விளையும், மிளகாய் விளையும். இவன்கள் எங்கிருந்து முளைத்தார்கள்?

பெத்தம்மாளிடமே கேட்டேன்.

"அதுவா? அருப்புக்கோட்டை ஸ்டுடியோக்காரரு குடுப்பாரு. பிள்ளைக அழுகாம இருக்க. ஜப்பான் பொம்மையாம். இப்பக் குடுக்கிறதில்ல."

"ஏன்?"

"பொம்மைக்குச் சொந்தக்காரரு வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு நானும் அங்கனதான் இருந்தேன். ஒரு ஆம்பள அப்படி நின்னதை நான் பாத்ததே இல்லய்யா."

'அப்படி' என்றால் எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த 'அப்படி'க்காகத்தான் இத்தனை பக்கமும்.

2

தொடக்கங்களில் வீணாய்ப்போன காகிதம் கொஞ்சமல்ல. இரண்டை மட்டும் கிழிக்காமல் விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "1973 மே மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து ஒரு ஜப்பானிய வீரன் இறங்கினான். அவன் உயரம் ஒரு சாண். அவனுக்குப் பாஸ்போர்ட்டு..."

நிறுத்திவிட்டேன். ரொம்பச் சாமர்த்தியமாக இருந்தது. இப்படி ஆரம்பித்தால் பிறகு நிஜமான ஆள் ஒருவனை உள்ளே கூட்டிவர முடியாது. கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிடுவான்.

இரண்டாவது: "ஹாஜா நஜ்முதீனுக்கு ஒரு மகன் இருந்தான். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் ஹாஜா பொம்மைகள் சேர்க்கத் தொடங்கினான்..."

இது நன்றாக வந்தது. என் மனைவி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அப்படி ஒரு மகன் கிடையாது. பொம்மைகளுக்குச் சொந்தக்காரரான ஹாஜாவுக்கு ஒரே மகள், ஜமீலா. சௌக்கியமாக இருக்கிறாள். வளர்ந்த மனுசன் பொம்மை சேர்ப்பதற்கு உங்களிடம் ஒரு நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. கையில் இல்லை. அதனால் ஒரு பையனைப் பிறக்க வைத்துச் சாகடித்தேன். எழுதுகிறவன் செய்கிற கொலைக்குப் போலீஸ் வருவதில்லை.

நியாயம் எதுவும் இல்லை. ஹாஜாவிடமே கேட்டேன். "பிடிச்சிருந்துச்சு சார்" என்றார். சற்று யோசித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார்.

(நேரில் 'அவர்' என்கிறேன். கதைக்குள் 'அவன்' என்றுதான் எழுத வருகிறது. கதைக்குள் வந்தால் மனுசனுக்கு மரியாதை கொஞ்சம் குறைகிறது. பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கிறது.)

3

ஹாஜா நஜ்முதீனுக்கு ஊர் வீரசோழன். அவனுடைய தாய்மாமன் முகமது இஸ்மாயிலுக்குச் சிங்கப்பூரில் பலசரக்குக் கடை. 1964-இல், ஹாஜாவுக்குப் பத்தொன்பது வயதாகும்போது, மாமா அவனைக் கூட்டிப்போனார். கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நின்றபடியே வேலை. உட்கார்ந்தால் மாமாவுக்குப் பிடிக்காது. வீரசோழனில் அவனைச் 'சிங்கப்பூரார் மருமகன்' என்று பெருமையாகச் சொன்னார்கள். சிங்கப்பூரில் அவனை 'ஏய்' என்று கூப்பிட்டார்கள். எட்டு வருடம் இப்படியே போயிற்று.

எதிர்க்கடை ஒரு சீனருடையது. 1972-இல் அவர் வாசலில் ஒரு டெலிவிஷன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் அதில் ஜப்பான் தொடர் ஒன்று ஓடும். பட்டறையில் வேலை பார்க்கிற சாதாரணமான ஆள் ஒருவன். ஆபத்து வந்தால் கையை மடக்கி நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுவான். கவசம் எங்கிருந்தோ வந்து உடம்பில் ஏறிக்கொள்ளும். அவனுக்குக் கூட்டாளிகளும் உண்டு. ஹாஜாவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது. கூடி நின்ற சீனப் பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரியாத பாஷையில் ஒருவன் நியாயத்துக்காக அடி வாங்குவதை எல்லாரும் வாய் திறந்து பார்த்தார்கள். மாமா டீ குடிக்கப் போகிற நேரம்தான் ஹாஜாவுக்கு வாய்ப்பு. வில்லன் விழுவதற்குள் மாமா திரும்பிவிடுவார். எந்தச் சண்டையும் எப்படி முடிந்தது என்று அவன் பார்த்ததில்லை.

அந்த வீரர்களைச் சீனர் பொம்மையாகவும் விற்றார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு அசையும் பொம்மைகள். எப்படி நிறுத்தினாலும் நிற்கும். முதல் பொம்மையை வாங்கிக்கொண்டு கடைக்கு மேலே தன் பலகைக் கட்டிலுக்குப் போன ஹாஜா முதலில் செய்த காரியம், அந்த வீரனை உட்கார வைத்ததுதான். (இதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

பெட்டியில் அச்சடித்திருந்த பெயர்களை வாசிக்கத் தெரியவில்லை. செம்பழுப்பு நிறத்தவனுக்குச் 'செவலை' என்று பெயர் வைத்தான். சாம்பல் நிறத்தவன் 'மயிலை'. கொம்பு வைத்தவன் 'கொம்பன்'. எங்கள் பக்கத்தில் மாடுகளை இப்படித்தான் கூப்பிடுவார்கள். உண்மையான பெயர்களை விசாரித்துப் போடச் சொன்னார் ஒரு நண்பர். விசாரிக்கவில்லை. அவர்கள் ஜப்பானில் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் அவர்கள் வீரசோழன்காரனின் மூன்று மாடுகள்.

4

1973-இல் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தான். மூன்று பேரும் பெட்டியில் வந்தார்கள். கல்யாணம் முடிந்து, பெட்டியைப் பிரித்து அலமாரியில் வரிசையாக நிறுத்தினான். அம்மா ரஹீமா பார்த்தார். கோபப்படவில்லை.

"தொழுகுற வீட்டுல உருவம் வேணாம்த்தா. வேற எங்கயாச்சும் வச்சுக்க."

புதுப்பெண் சர்புன்னிசா முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். "எனக்கு ஏதோ வாங்கியாந்திருக்கீகன்னுல்ல நெனச்சேன்."

சிரிப்பில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மூன்று பொம்மைகளையும் பையில் போட்டுக்கொண்டு அவன் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினான்.

அங்கே திம்மையா இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவாளர் குடும்பம். அண்ணன்மார் தறியில் இருக்க, இவன் மட்டும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான்.

"என்னலே இது?"

"பொம்மை."

"யாருக்கு?"

"எனக்குத்தாம்லே."

திம்மையா சிரிக்கவில்லை. இதை என்னிடம் ஹாஜா திரும்பத் திரும்பச் சொன்னார். "அவன் சிரிக்கல சார்." செவலையைக் கையில் வாங்கி, முழங்கையை மெதுவாக மடக்கி, காதோரம் வைத்து அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டான். "எங்க பெரியண்ணனுக்கு முட்டி இம்புட்டு மடங்காதுலே" என்றான். ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. பிரேம்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தான்.

சிங்கப்பூர் திரும்ப இருந்த ஹாஜா சொன்னது இதுதான்: "வெயில் படக் கூடாது. மாசத்துக்கு ஒருக்க மூட்டுகள லேசா அசச்சு விடு, இல்லாட்டி இறுகிப் போகும். ஒன்னைத் தவிர வேற யாரும் தொடக் கூடாதுலே."

"எங்க அம்மா மேல சத்தியம்" என்றான் திம்மையா. யாரும் அவனைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

5

திம்மையாவை வில்லனாக எழுதத்தான் திட்டம். உதடு மெலிந்தவன், கண்ணைப் பார்த்துப் பேசாதவன் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். பிறகு மீட்டர் பார்க்கிற சாக்கில் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணைப் பார்த்துத்தான் பேசினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று உள்ளே பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்ல, மோர் வந்தது. ஒருவர் கையால் மோர் குடித்துவிட்டு அவருக்கு மெல்லிய உதடு வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்.

1974-இல் திருச்சுழிப் பக்கத்து விவசாயி கருத்தப்பாண்டி, முடியிறக்கப் போகிற மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை விளக்கைக் கண்டதும் அலறியது. கிலுகிலுப்பை, மிட்டாய், ஒன்றுக்கும் அடங்கவில்லை. இரண்டு பிலிம் வீண். கருத்தப்பாண்டி பொறுமை இழந்து கையை ஓங்கினார்.

"பிள்ளை அடி வாங்கிறக் கூடாதேன்னுதான் சார் பீரோவைத் தொறந்தேன்."

கொம்பன் கைக்குப் போனதும் அழுகை நின்றது. படம் அருமையாக விழுந்தது. திம்மையா அதைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார். பிறகு வந்த தாய்மார்கள் எல்லாரும், "அந்தக் கொம்பு வச்ச பொம்மையக் குடுத்துப் பிடிங்க" என்று கேட்டார்கள்.

முதல் தடவை பீரோவைத் திறந்தது இரக்கம். அதற்குப் பிறகு திறந்தது வியாபாரம். எந்தத் தடவையில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று திம்மையாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

6

1975-இல் ஹாஜா மறுபடி வந்தபோது பெட்டியில் புது வீரர்கள் மூவர் வந்தார்கள். வருகிற தேதி தெரிந்திருந்ததால் வாசல் படங்கள் உள்ளே போயிருந்தன, பீரோ துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அந்த விடுமுறையில் பாதி நாள் அவன் அருப்புக்கோட்டையில்தான் கழித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோவைச் சாத்திக்கொண்டு இருவரும் தரையில் உட்காருவார்கள். ஹாஜா ஒவ்வொருவனாக எடுத்து நிறுத்துவான். பாலத்தில் நடந்த சண்டை, மலையில் நடந்த சண்டை என்று தொடரில் பார்த்ததையெல்லாம் சொல்லுவான்.

"அப்பறம் என்னாச்சு?" என்பான் திம்மையா.

"தெரியாதுலே. மாமா வந்துட்டாரு."

"சரி, நாமளே முடிப்போம்." மயிலையின் காலைத் தூக்கி வில்லனாக வைத்திருந்த மைப்புட்டியை உதைக்க வைப்பான். மை தரையில் கொட்டும். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

(இந்தக் கதையில் சந்தோஷமான இடம் இது ஒன்றுதான். நீட்டிக்கலாமா என்று பார்த்தேன். நீளவில்லை.)

அப்போதே செவலையின் நெஞ்சில் சாயம் தேய்ந்திருந்ததை ஹாஜா கவனித்தான். ஒரு முட்டி தொளதொளத்தது.

"என்னலே இப்படி ஆயிருச்சு?"

"வெக்கை. நம்மூரு வெக்கைக்கு மனுசனே உருகுறான். இது பிளாஸ்டிக்குதான?"

ஹாஜா நம்பினான்.*

* பாதி உண்மையும்கூட. அந்தப் பொம்மைகளுக்குள்ளே மூட்டுகளை இழுத்துப் பிடிப்பது ரப்பர் கயிறு. எங்கள் சூட்டில் அது தானாகவே நைந்துபோகும். பிள்ளைகள் கெடுத்தது எவ்வளவு, சித்திரை வெயில் கெடுத்தது எவ்வளவு என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பொய்யில் இவ்வளவு உண்மை கலந்திருக்கும்போதுதான் அது நன்றாகச் செல்லுபடியாகிறது.

7

ஹாஜா சிங்கப்பூருக்குத் திரும்பிப் போன பிறகுதான் சர்புன்னிசா உண்டாகியிருப்பது தெரிந்தது. 1976-இல் ஜமீலா பிறந்தாள். குழந்தைக்கு ஒரு வயதானதும் ஒரு போட்டோ சிங்கப்பூருக்கு வந்தது. பிரம்பு நாற்காலியில் பட்டுச் சட்டை போட்ட குழந்தை. வாய் கோணி, கண் இடுங்கி, கன்னமெல்லாம் ஈரம். முழு அழுகை.

மகளின் முகம் என்று அவனுக்குத் தெரிந்தது அந்த அழுகை மட்டும்தான். அதைக் கட்டிலோரம் ஒட்டி வைத்துக்கொண்டான். அத்தாவைத் தேடி அழுகிறாள் என்று நினைத்தான். அந்த நினைப்பில் வலி இருந்தது. கொஞ்சம் இனிப்பும் இருந்தது. கடல் தாண்டி நம்மை ஒருத்தி தேடுகிறாள் அல்லவா? நின்று நின்று கால் வீங்கிப் படுக்கும்போது அந்த இனிப்பைத்தான் சப்பிக்கொண்டு கிடந்தான்.

அதே ஆண்டு அம்மா ரஹீமா காலமானார். அடுத்த ஆண்டு மாமா கடையை விற்றார். 1978-இல் ஹாஜா ஊரோடு வந்து சேர்ந்தான். பெட்டியில் ஏழாவது வீரன், கறுப்பு நிறத்தவன், 'காரி'. மகள் ஹாஜாவைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பழக நாளாகும் என்றார்கள். பொம்மைகள் வீட்டுக்கு வந்தால் சீக்கிரம் பழகிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. திம்மையாவுக்குச் சொல்லி அனுப்பாமல், ஆச்சரியப்படுத்தலாம் என்று, நேராகக் கிளம்பிப் போனான்.

8

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். நீட்டினால் நானே ரசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் இருபது முப்பது பிள்ளைகளின் போட்டோக்கள். எல்லார் கையிலும் அவனுடைய வீரர்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெத்தம்மாளின் பேரன் நாற்காலியில் உட்கார்ந்து செவலையின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தான். செவலைக்கு வலது கை இல்லை. மயிலையின் முட்டியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. கொம்பனுக்குக் கொம்பு இரண்டும் நறுக்கப்பட்டிருந்தன, பிள்ளைகளுக்குக் குத்தும் என்று. பிந்தி வந்த மூவரும் சாயம் போய் எது யார் என்று தெரியாமல் கூடையில் கிடந்தார்கள். எல்லார் நெற்றியிலும் திருஷ்டிக்கு மைப்பொட்டு.

திம்மையா காமிராவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஏலே... எப்ப வந்த?"

"வெக்கைன்னு சொன்னியே" என்றான் ஹாஜா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"உக்காருலே. பேசுவோம். பிள்ளைக அழுகுது, என்ன செய்யச் சொல்ற? பொம்மைன்னா பிள்ளைக தொடத்தான செய்யும்?"

"வெக்கைன்னு சொன்னியேலே."

"நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போற. தெனமும் இதுகளோட கெடக்குறவன் நானு. ஒன் வீட்டுல எடமில்லன்னுதான இங்க கொண்டாந்த?"

"நான் ஒன்னைய நம்பிக் கொண்டாந்தேன்."

காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திம்மையாவுக்கு அந்தப் பார்வைகள் சுட்டிருக்க வேண்டும். (சுட்டதா என்று அவரிடம் கேட்டேன். மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.) அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

"முப்பத்து மூணு வயசாச்சு ஒனக்கு. பொம்மைக்குச் சண்டைக்கு வந்து நிக்கிறியே, பாக்குறவுக சிரிக்க மாட்டாகளா?"

சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. இரண்டு மூன்று பேர், வாய்க்குள். திம்மையாவும் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தான்.

உலகத்தில் சிரிக்காமல் இருந்த ஒருத்தன் அவன்தான். அவனும் சிரித்துவிட்டான்.

பெத்தம்மாள் நல்ல மனசோடு சமாதானம் செய்யப் பார்த்தார். "கோவிச்சுக்காதீக பாய். ஒங்க பொம்மையால எத்தனை பிள்ளை சிரிச்சிருக்கு தெரியுமா? இவுக பிடிச்ச போட்டோவுல அழுத பிள்ளையின்னு ஒண்ணு கூடக் கெடையாது."

ஹாஜா செவலையை வாங்கிக்கொண்டு, கூடையில் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது.

"எம் பிள்ளைக்கு ஏம்லே குடுக்கல?"

திம்மையா காமிராப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எம் பிள்ளை போட்டோவ நீதான பிடிச்ச? அழுதுக்கிட்டு இருந்துச்சே. அதுக்கு மட்டும் ஏம்லே குடுக்கல?"

கையில் பொம்மையோடு படம் சிங்கப்பூருக்குப் போயிருந்தால் ஹாஜாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் கொடுக்கவில்லை. அங்கிருந்த எல்லாருக்கும் அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஹாஜாவுக்கு அதைவிடச் சீக்கிரம் புரிந்தது. பெத்தம்மாள் சொன்ன 'அப்படி' நின்றது அப்போதுதான்.

9

வீட்டில் பையைக் கவிழ்த்துக் காட்டியபோது சர்புன்னிசா செவலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இப்ப மட்டும் பிள்ளை தொடலாமா?"

"என்ன சொல்ற?"

"போட்டோ பிடிக்கப் போன அன்னைக்கு பீரோவக் காட்டிக் காட்டி அழுதா. வர்றோம்னு முந்தியே சொல்லிவிட்டிருந்தோம்ல, வாசல்ல ஒரு படமும் இல்ல. ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே, போட்டோ பிடிக்கிற வரைக்கும்னு கேட்டேன். 'ஹாஜா யாரையும் தொடவிடக் கூடாதுன்னுட்டான்மா, சத்தியம் வாங்கியிருக்கான்'னு சொல்லிட்டாக. பெத்த பிள்ளையக் காட்டிலும் பொம்மை பெருசாப் போச்சா இந்த மனுசனுக்குன்னு நெனச்சேன். இப்பயும் அதான் நெனைக்கேன்."

"நான் அப்படிச் சொல்..."

சொல்லியிருந்தான். யாரும் தொடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தான். வாக்கியத்தை முடிக்காமல் விட்டான். (அவனுடைய வாக்கியம் அது. நான் விட்டதல்ல.)

"லீவுல வந்தீக. பாதி நாளு அருப்புக்கோட்டை. எனக்குன்னு ஒரு நா ஒதுக்குனீகளா? அவுக பொய் சொன்னாக, சரி. நீங்க என்ன செஞ்சீக?"

இந்த இடத்தில் நான் ஒரு காட்சி எழுதியிருந்தேன். மகள் தயங்கித் தயங்கி வந்து செவலையைத் தொடுகிறாள், முதன்முதலாக அத்தாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சர்புன்னிசாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படி நடக்கலையே" என்றார். நடந்தது இது: ஜமீலா வந்தாள். செவலையை ஒரு பார்வை பார்த்தாள். "கை இல்ல" என்றாள். முற்றத்தில் கோழிக்குஞ்சு மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

10

ஹாஜா இப்போது வீரசோழனில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஓய்ந்த நேரத்தில் டியூப் ரப்பரை மெல்லிசாக வெட்டி, பொம்மைகளுக்கு உள்ளே கோத்துப் பார்க்கிறார். மயிலையும் கொம்பனும் நிற்கிறார்கள். செவலைக்குக் கை கிடைக்கவில்லை. கை படாத காரி மட்டும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறான். சர்புன்னிசா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். சண்டை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

முடிவுக்காக நான் மூன்று மாதம் உட்கார்ந்தேன். ஏழு பேரையும் வறண்ட குண்டாற்றில் புதைக்க வைத்துப் பார்த்தேன். நாடகம். மகளே வளர்ந்து அவற்றைச் சேர்க்கத் தொடங்குகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். அதற்கு இன்னும் பதினைந்து வருடம் ஆக வேண்டும். அதுவரை காத்திருக்க என்னால் ஆகாது.

கடைசியில் நண்பர்கள் இருவரிடமும் கதையைக் கொண்டுபோனேன்.

திம்மையா ஸ்டுடியோவில் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். வெளியே வர நேரமாயிற்று.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக. எம்மேல தப்பு இருக்கு. ஆனா கடைசியில நாங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டதா எழுதிருங்க சார்."

"சேரலையே."

"தெரியும். ஆள் மேல ஆள் விட்டுப் பாத்துட்டேன். வர மாட்டேங்கிறான். ஒங்க கதைய அவன் கட்டாயம் படிப்பான். அதுல சேந்திருந்தா... ஒருவேளை வருவான்ல?"

வீரசோழனுக்குப் போனேன். ஹாஜா ஒரு பெடலைக் கழற்றியபடியே, நான் வாசிக்க வாசிக்கக் கேட்டார். எட்டாம் பகுதியில் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாசித்து முடித்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். நாங்க சேந்துக்கிட்ட மாதிரி மட்டும் முடிச்சிராதீக. அவன் படிச்சான்னா நெசம்னு நம்பிப் பஸ் ஏறிருவான். வந்து நின்னா என்னால போன்னு சொல்ல முடியாது."

இருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரே முடிவை ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரின் நினைப்பும் ஒன்றுதான்: எழுதினால் அது பலித்துவிடும். எழுத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்று நம்புகிற இரண்டு பேரை நான் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையே என் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

இதில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. ஆனால் உங்களை யாரும் கையைப் பிடித்துக் கேட்கவில்லை. அதனால் பேனா உங்களிடம் வருகிறது. கடைசி வாக்கியத்தை நான் தொடங்கி மட்டும் வைத்திருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் ஒருதரம் சர்புன்னிசாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவரை எந்த முடிவு வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

"உச்சி வெயிலில் அருப்புக்கோட்டை பஸ்ஸு வீரசோழனில் வந்து நின்றது. சைக்கிள் கடையிலிருந்து ஹாஜா தலையைத் தூக்கிப் பார்த்தான். படியில்